கியூ.எஸ். படிப்பதா, அக்சுவேரியல் படிப்பதா? திருகோணமலைத் தங்கச்சி ஒருவருக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறீர்கள். இணைந்த கணிதம் பிடிக்கும், பௌதிகவியல் அவ்வளவாக இல்லை. கட்டாரில் இருக்கும் மாமா, கட்டட வேலைகளின் அளவையும் செலவையும் கணக்கிடும் கணிய அளவையியல், அதாவது கியூ.எஸ். படிக்கச் சொல்கிறார். காப்புறுதி போன்றவற்றில் வரும் இடரைக் கணிதத்தால் மதிப்பிடும் அக்சுவேரியல் சயன்ஸ்தான் கணக்குக்காரருக்கான படிப்பு, சம்பளமும் கூட என்கிறார் ரியூசன் சேர். பெண்பிள்ளை சைட்டில் போய் நிற்பதில் அம்மாவுக்கு விருப்பமில்லை. கடைசியில் "எதில் சம்பளம் கூட?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியது முழுவதையும் வாசித்தால், நீங்கள் கேட்பது சம்பளம் மட்டும் இல்லை. கணிதம் பிடித்த உங்களுக்கு இந்த இரண்டில் எது பத்து வருடம் போனாலும் அலுக்காது, அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்வரை வீட்டுக்குப் பாரமில்லாமல் எப்படிச் சமாளிப்பது, இதுதான் கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். சம்பளத்துக்கும் வருகிறேன்.

நான் ஒரு கணிய அளவையாளர். சுனாமிக்குப் பிந்திய வீடமைப்பு வேலைகளில் திருகோணமலையில் தொடங்கி, கொழும்பு, கட்டார் என்று போய், இப்போது மறுபடியும் கிழக்கில்தான் வேலை செய்கிறேன். ஆகவே கியூ.எஸ். பற்றி நான் சொல்வதெல்லாம் என் கையால் செய்தது. அக்சுவேரியல் அப்படியில்லை. என் தம்பி கொழும்பில் ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தின் அக்சுவேரியல் பிரிவில் வேலை செய்துகொண்டே பரீட்சைகளை எழுதி வருகிறான். அவனுடைய பரீட்சைகளும் பாடங்களும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வேலையில் நாள் முழுவதும் இருப்பது எப்படி என்பது மட்டும் அவன் சொல்லிக் கேட்டதுதான். அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கணிதம் பிடித்தவர்கள் கியூ.எஸ். செய்யலாம் என்று நம் ஊரில் சொல்வது பாதி உண்மை. இந்தத் தொழிலில் வரும் கணிதம் பெரும்பாலும் சாதாரண தரத்தைத் தாண்டாது. நீளம், பரப்பளவு, கனவளவு, சதவீதம், விகிதம், அவ்வளவுதான். நீங்கள் இரவு விழித்துப் படித்த தொகையீட்டை நான் வேலையில் தொட்டதாக நினைவில்லை. கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. இன்னும் கட்டப்படாத கட்டடத்தை வரைபடத்திலிருந்து மனதில் எழுப்ப வேண்டும். அதற்குள் இருக்கும் வேலைகளை ஒன்று விடாமல் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எஸ்.எல்.எஸ். 573 என்ற இலங்கை அளவீட்டு நியமத்தின்படி அளந்து, யார் வாசித்தாலும் ஒரே பொருள் வருகிற மாதிரி எழுத வேண்டும். அப்படி எழுதிய அளவுப் பட்டியல்தான் பி.ஓ.கியூ. ஒப்பந்தகாரர்கள் அதற்கு விலை போட்டுக் கேள்விமனு கொடுப்பார்கள். வேலை தொடங்கியபின் மாதாமாதம் எவ்வளவு முடிந்தது என்று அளந்து கொடுப்பனவைக் கணக்கிடுவதும், இடையில் வரைபடம் மாறினால் அதற்கு விலை தீர்மானிப்பதும், கடைசியில் இறுதிக் கணக்கை இரு தரப்பும் ஏற்கச் செய்வதும் நம் வேலை.

இந்தக் கடைசிப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்கிறேன், ஏனென்றால் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. உவர்மலைப் பக்கம் அத்திவாரம் வெட்டினால் பாறை எந்த ஆழத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பி.ஓ.கியூ.வில் மண் வெட்டுவதற்கு ஒரு விலை இருக்கும், பாறை உடைப்பதற்கு அதைவிடப் பல மடங்கு விலை இருக்கும். இத்தனை கன மீற்றர் பாறை என்பார் ஒப்பந்தகாரர். அது பாறையே இல்லை, இறுகின மண் என்பார் எதிர்த்தரப்பு. கொங்கிறீட் போட்டு மூடியபின் யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அதனால் பாறை தென்பட்ட அன்றைக்கே இரு தரப்பும் குழிக்குள் இறங்கி, மட்டம் எடுத்து, படம் பிடித்து, தாளில் கையொப்பம் வைத்துவிட வேண்டும். அந்த ஒரு தாள் இல்லாமல் மாதக்கணக்கில் இழுபட்ட இறுதிக் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு நிதியில் நடக்கும் பெரிய வேலைகளில், ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் கூட்டமைப்பின் ஒப்பந்த நிபந்தனைகள் வரும். அதன் 1999 பதிப்பில், மேலதிகப் பணமோ காலமோ கேட்கிற ஒப்பந்தகாரர், விஷயம் தெரிந்த 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் உரிமை போய்விடும். இப்படிப்பட்ட வாசகங்களை ஆங்கிலத்தில் வாசித்து, நாட்களை எண்ணி, கடிதம் எழுதுவதில்தான் அனுபவமுள்ள ஒரு கியூ.எஸ்.ஸின் பெரும்பகுதி நேரம் போகிறது. இது கணக்கை விடச் சட்டத்துக்கு நெருக்கமான வேலை.

நேர்மையும் இதில் அன்றாடம் சோதிக்கப்படும். ஓரிடத்தில், முடியாத பூச்சு வேலையை முடிந்ததாக அளந்து அந்த மாதப் பில்லில் சேர்க்கும்படி எனக்கு மேலே இருந்தவர் கேட்டார். நான் அளந்ததை மட்டும் எழுதினேன், அதன்பின் அங்கே எனக்கு நீண்டநாள் இருக்க முடியவில்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால், உங்களைவிட வயது கூடியவரிடம், "இல்லை சேர், இந்த அளவு சரியில்லை" என்று குரல் உயர்த்தாமல் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியும் என்றால் இந்தத் தொழிலுக்கு வேண்டிய முக்கியமான ஒன்று உங்களிடம் இருக்கிறது.

இனி அக்சுவேரியல். உங்கள் சேர் சொன்னது சரி, அங்கே கணிதம் உண்மையாகவே வேண்டும். எந்தக் கணிதம் என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். நம் கரையில் 100 மீனவர்கள் சேர்ந்து தங்கள் படகு எஞ்சின்களுக்கு ஒரு பொது நிதி வைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எஞ்சின் 500,000 ரூபாய். வருடத்துக்கு நூறில் இரண்டு எஞ்சின் இழக்கப்படும் என்று பழைய பதிவுகள் காட்டுகின்றன என்று வைப்போம். ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டினால் பத்து இலட்சம் சேரும், இரண்டு எஞ்சின் வாங்க அது போதும். பெரும்பாலானவர்கள் கணக்கை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். அக்சுவரிக்குக் கணக்குத் தொடங்குவதே இங்கேதான். ஒரு வருடத்தில் ஐந்தோ அதற்கு மேலோ எஞ்சின்கள் போவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 5 சதவீதம். சராசரியாக இருபது வருடத்துக்கு ஒரு முறை அது நடக்கும், அந்த வருடம் குறைந்தது 25 இலட்சம் வேண்டும். நிதியில் இருப்பது பத்து இலட்சம். ஆகவே கூடுதலாக எவ்வளவு ஒதுக்கி வைப்பது, எந்தப் பகுதியை வேறு நிறுவனத்திடம் மறுகாப்புறுதி செய்வது, கையில் இருக்கும் பணத்தை எதில் முதலிடுவது என்று கேள்விகள் விரியும். இதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. ஓர் எஞ்சின் போவதற்கும் பக்கத்துப் படகின் எஞ்சின் போவதற்கும் தொடர்பில்லை என்ற எடுகோளில்தான் அந்த 5 சதவீதம் நிற்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் அந்த எடுகோளுக்கு என்ன ஆனது என்று திருகோணமலையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எந்த எடுகோள் எப்போது உடையும் என்று யோசிப்பதுதான் அக்சுவரியின் உண்மையான வேலை என்று தம்பி சொல்வான். இதை வாசிக்கும்போது, 5 சதவீதம் எப்படி வந்தது என்று தாளில் போட்டுப் பார்க்க உங்களுக்குக் கை துறுதுறுத்தால் அதைக் கவனியுங்கள்.

அன்றாடம் வரும் வேலை இவ்வளவு சுவையாக இருக்காது. உதாரணமாக பணிக்கொடை மதிப்பீடு. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரர் விலகும்போது, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் நடத்துகிறவருக்கும் இந்தக் கடன் உண்டு. எத்தனை பேர் ஐந்து வருடத்துக்கு முன் போய்விடுவார்கள், சம்பளம் எவ்வளவு ஏறும், வருங்காலத்தில் கொடுக்கவேண்டிய தொகையின் இன்றைய மதிப்பு என்ன என்று கணக்கிட வேண்டும். பத்து வருடம் கழித்துக் கொடுக்கவேண்டிய 100,000 ரூபாய், 10 சதவீத வட்டியில் இன்று 38,554 ரூபாய். 20 சதவீத வட்டியில் 16,151 ரூபாய்தான். 2022 இல் திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீத அளவுக்குப் போய், பின் இறங்கியபோது இப்படியான எண்கள் எப்படி ஆடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இதையே நிறுவனம் நிறுவனமாக, கணினித் தாளில், வருட முடிவு நெருக்கடியில் செய்வார்கள். ஆயுள் காப்புறுதியிலும் அப்படித்தான். புதுத் திட்டத்துக்குக் கட்டணம் போடுவது, ஒதுக்கங்களைக் கணக்கிடுவது, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அறிக்கை கொடுப்பது.

படிப்பு வழிகளில் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கியூ.எஸ்.ஸுக்கு நாட்டில் முதன்மையான வழி மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பீடத்தின் நான்கு வருட கணிய அளவையியல் சிறப்புப் பட்டம். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று இதுவரை நடந்து வருகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. ஆகவே கொழும்புப் பிள்ளைகளின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் விட வேண்டாம். உங்கள் மாவட்டத்தின் கடந்த சில வருட இசட் புள்ளிகளை மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலோடு சேர்த்துப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் உயர் தேசிய டிப்ளோமா, தொழில்நுட்பக் கல்லூரி, கொழும்பில் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து நடக்கும் தனியார் பட்டம் என்று வழிகள் உண்டு. பட்டத்தோடு முடிந்துவிடாது. இலங்கைக் கணிய அளவையாளர் நிறுவகத்தின் உறுப்புரிமை, அல்லது பிரித்தானியாவின் அளவையாளர் நிறுவகமான ஆர்.ஐ.சி.எஸ்.ஸின் உறுப்புரிமை வேண்டும். ஆர்.ஐ.சி.எஸ். அங்கீகரித்த பட்டம் முடித்த புதியவர், பொதுவாக 24 மாதம் ஒழுங்குபடுத்திய பயிற்சி செய்து, தன் வேலையைப் பற்றி அறிக்கை எழுதி, ஒரு மணி நேர நேர்முகத்தில் தேற வேண்டும். பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருப்பவர்களுக்கு அது எட்டக்கூடிய தூரம்தான்.

அக்சுவேரியலில் பட்டம் அவ்வளவு முக்கியமில்லை, பரீட்சைகள்தான் முக்கியம். இலங்கையில் பெரும்பாலானோர் எழுதுவது பிரித்தானியாவின் இன்ஸ்டிடியூட் அன்ட் ஃபகல்ட்டி ஒஃப் அக்சுவரீஸ் நடத்தும் பரீட்சைகளை, அல்லது அமெரிக்காவின் சொசைட்டி ஒஃப் அக்சுவரீஸ் நடத்தும் பரீட்சைகளை. பிரித்தானிய வழியில் புள்ளிவிபரவியல், அக்சுவேரியல் கணிதம், நிதி, பொருளியல் என்று அடிப்படைத் தாள்கள், பிறகு நடைமுறைத் தாள்கள், பிறகு சிறப்புத் தாள்கள். புள்ளிவிபரத் தாள்களின் ஒரு பகுதியை ஆர் என்ற நிரல்மொழியில் கணினியிலேயே செய்ய வேண்டும். அமெரிக்க வழியின் முதல் தாள் நிகழ்தகவு: மூன்று மணி நேரம், 30 பல்தேர்வு வினாக்கள், 0 முதல் 10 வரையான தரப்புள்ளியில் 6 வந்தால் சித்தி, அது 60 சதவீத விடை சரி என்பதல்ல. பல தாள்களில் எழுதுகிறவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் ஒரு தடவையில் தேறுகிறார்கள், அதுவும் கணிதத்தில் கெட்டிக்காரர்கள் எழுதும் பரீட்சையில். முழு உறுப்பினராக ஆவதற்கு வேலை செய்துகொண்டே ஆறு, எட்டு, சிலருக்குப் பத்து வருடம் போகிறது. திருமணம், குழந்தை, ஊருக்கு வரவேண்டிய தேவை எல்லாம் அந்த வருடங்களுக்குள்தான் வரும். தம்பியின் நண்பர்களில் நல்ல கெட்டிக்காரர்கள் சிலர் நாலைந்து தாளோடு நிறுத்தி, தரவுப் பகுப்பாய்வு வேலைகளுக்குப் போயிருக்கிறார்கள். அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன், அந்தத் தாள்கள் அங்கேயும் மதிக்கப்படுகின்றன. ஆனால் பாதியில் நிற்கிறவர்களும் உண்டு என்று தெரிந்துகொண்டு நுழைவது நல்லது.

இரண்டு வழிகளுக்கும் நடுவே யாரும் கவனிக்காத ஒரு வித்தியாசம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அக்சுவேரியல் கதவு நெடுநாள் திறந்திருக்கும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கைத்தொழில் புள்ளிவிபரவியலும் கணித நிதியியலும் படித்தாலும் சரி, பொறியியல் படித்தாலும் சரி, சாதாரண கணிதப் பட்டம் செய்தாலும் சரி, இருபத்திரண்டு வயதிலும் முதல் தாளை எழுதலாம். கியூ.எஸ். அப்படியில்லை. வேறு பட்டம் முடித்துவிட்டு இங்கே வருவதென்றால் முதுமாணி என்றோ இன்னொரு பட்டம் என்றோ மீண்டும் செலவும் வருடங்களும். ஆகவே இசட் புள்ளி வந்து விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது, இன்றைக்குத் தீர்மானிக்க வேண்டியது கியூ.எஸ். வேண்டுமா இல்லையா என்பதை மட்டும்தான். அக்சுவேரியலை இன்றைக்குத் தீர்மானிக்க வேண்டிய அவசரம் இல்லை.

சரி, சம்பளம். ஒரு தொகை சொல்லச் சொல்லிக் கேட்பீர்கள். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்து 360 ரூபாயளவுக்குப் போன நாட்டில், தொகையை விட அது எப்படி ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயன். கியூ.எஸ். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓரளவு உழைக்கலாம், படிக்கும்போதே பயிற்சியில் கொஞ்சம் வரும். பிறகு உள்நாட்டில் மெதுவாகத்தான் ஏறும். பெரிய தாவல் மத்திய கிழக்குக்குப் போகும்போது, அல்லது கோரிக்கைகளிலும் பிணக்குகளிலும் தேர்ச்சி பெறும்போது. அக்சுவேரியலில் தொடக்கம் சாதாரணம். ஒவ்வொரு தாளும் தேறத் தேற ஏறும், பல நிறுவனங்கள் பரீட்சைக் கட்டணமும் படிப்பு விடுமுறையும் கொடுக்கும், முழு உறுப்பினரானபின் நாட்டின் மிக உயர்ந்த சம்பளக்காரர்களில் ஒருவராகலாம். முடித்தவரோடு முடித்தவரை ஒப்பிட்டால் அக்சுவரிக்குக் கூட. இதில் எனக்குச் சந்தேகமில்லை. நுழைந்த எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

வேலை எங்கே இருக்கிறது என்பதும் சம்பளத்தில் ஒரு பகுதிதான். இலங்கையில் காப்புறுதி நிறுவனங்கள் முப்பதை எட்டாது. அவற்றின் அக்சுவேரியல் பிரிவுகள் எல்லாம் கொழும்பில். திருகோணமலையில் உள்ள கிளைகளில் நடப்பது விற்பனையும் கோரிக்கை வேலையும். சட்டம் அக்சுவரியின் கையொப்பத்தைக் கேட்கிறது, 2016 முதல் இடர் அடிப்படையிலான மூலதன விதிகள் வந்தன, காப்புறுதி ஒப்பந்தங்களுக்கான புதிய கணக்கீட்டு நியமமும் வந்திருக்கிறது. ஆகவே தேவை உண்மையானது, ஆனால் சிறியது. அந்தத் தொழிலைத் தேர்ந்தால் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வாழ்வதாக முடிவெடுக்கிறீர்கள். கியூ.எஸ். என்றால் ஊரில் இருந்தே வேலை செய்ய வழி உண்டு. பாடசாலைக் கட்டடம், வைத்தியசாலை, வீதி, நீர் வழங்கல், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள், மாகாணத் திணைக்களங்கள் என்று எங்கேயும் அளக்க வேண்டியிருக்கும். ஆனால் கட்டட வேலை நாட்டின் பொருளாதாரத்தோடு விழுந்து எழும்பும். 2022 இல் அரசாங்க வேலைகள் நின்றன, சீமெந்து விலை பறந்தது, ஒப்பந்தகாரர்களுக்குக் கொடுப்பனவு வரவில்லை, என்னோடு வேலை செய்த இளம் பிள்ளைகள் பலர் வீட்டுக்குப் போனார்கள். அதே வருடம், பொருள் விலை மாறும்போது கொடுப்பனவைத் திருத்தும் விலை ஏற்ற இறக்கச் சூத்திரத்தை ஒழுங்காகப் பிரயோகிக்கத் தெரிந்தவர்களைத் தேடித் தேடி அழைத்தார்கள். காப்புறுதி அப்படி ஒரேயடியாகச் சரியவில்லை.

அம்மாவின் கவலைக்கு ஒரு பெண்ணாகவே பதில் சொல்கிறேன். சைட்டில் பெண் கியூ.எஸ். என்பது இப்போது யாரும் திரும்பிப் பார்க்கும் விஷயம் இல்லை. பி.ஓ.கியூ. தயாரிப்பு, கேள்விமனு மதிப்பீடு போன்றவை முழுக்க அலுவலகத்தில் நடப்பவை, விரும்பினால் அதிலேயே இருக்கலாம். ஆனால் முதல் சில வருடம் சைட்டில் நிற்காதவர் நல்ல கியூ.எஸ். ஆவது கஷ்டம், கம்பி கட்டுவதைப் பார்க்காமல் கம்பிக்கு விலை போட முடியாது. அங்கே உண்மையான பிரச்சினை ஆண்கள் இல்லை, கழிப்பறை. பல சைட்டுகளில் பெண்களுக்கென்று ஒன்று இருக்காது. வேலைக்குச் சேரும்போதே வெட்கப்படாமல் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேசன்மாரும் பாஸ்மாரும் வேலை தெரிந்த பிள்ளை என்று கண்டால் மிகுந்த மரியாதையோடு நடத்துவார்கள். அவர்களிடம் நான் கற்றது கம்பஸில் கற்றதை விடக் குறைவில்லை.

உறுதியில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கணினி இந்த வேலைகளை எடுத்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். வரைபடத்திலிருந்து அளவு எடுக்கும் வேலையை முப்பரிமாண மாதிரிகள் இப்போதே பெருமளவு செய்கின்றன, அந்த வேலையை மட்டும் தெரிந்த கியூ.எஸ்.ஸுக்கு எதிர்காலம் குறுகும் என்பது தெளிவு. அக்சுவேரியலிலும் வழக்கமான கணக்குகள் தானாக ஓடுகின்றன. பாறைக்குழியருகே இரு தரப்பையும் சம்மதிக்க வைப்பதையும், எந்த எடுகோள் உடையும் என்று தீர்மானிப்பதையும் கணினி எப்போது செய்யும் என்பதை யாராலும் இன்று சொல்ல முடியாது. ஆகவே இந்தக் காரணத்தை வைத்து ஒன்றைத் தள்ளிவிட வேண்டாம்.

பெறுபேறு வரும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது, அதை இப்படிச் செலவழியுங்கள். அமெரிக்கச் சங்கத்தின் இணையத்தளத்தில் நிகழ்தகவுத் தாளுக்கான மாதிரி வினாக்கள் விடைகளோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாதம் தினமும் இரண்டு மணி நேரம் அதில் இருங்கள். வரும் விடையை விட, தவறிப்போன வினாவுக்கு மறுநாள் நீங்களாகவே திரும்பிப் போகிறீர்களா என்று பாருங்கள். பக்கத்திலேயே இதையும் செய்யுங்கள். வெளிப்பக்கம் 10 மீற்றருக்கு 8 மீற்றர் உள்ள ஒரு கட்டடம், சுவர் 225 மில்லிமீற்றர் தடிப்பு. சுவரின் மையக்கோட்டு நீளம் என்ன? 36 மீற்றர் என்றால் மூலைகளை மறந்துவிட்டீர்கள். நான்கு மூலைக்கும் சேர்த்து 0.9 மீற்றர் கழிய 35.1 வரும். ஏன் என்று படம் கீறிப் புரிந்துகொண்டபின், உங்கள் வீட்டை உண்மையாகவே நாடா பிடித்து அளந்து, எத்தனை கல், எத்தனை மூட்டை சீமெந்து என்று எழுதி, தெருவில் உள்ள ஒரு மேசனிடம் காட்டுங்கள். அவர் சிரித்துத் திருத்துவார். அந்தத் திருத்தத்தைக் கேட்பது உங்களுக்கு இனிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆங்கிலம். இரண்டு தொழிலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, தமிழ் மொழிமூலம் படித்த நம் பிள்ளைகள் தடுக்குவது கணக்கில் இல்லை, கடிதத்தில். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து என் கருத்து இது. பௌதிகவியலின் செய்முறையை விட இணைந்த கணிதத்தின் நிறுவல்கள் பிடிக்கிறது என்றும், ஆட்களோடு வாதாடுவது பிடிக்காது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது அக்சுவேரியல் பக்கம் சாய்கிறது. ஆனால் இரண்டு தம்பிமார் படிக்கிறார்கள், சீக்கிரம் உழைக்க வேண்டும் என்றும் சொல்கிறீர்கள். அது கியூ.எஸ். பக்கம் இழுக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கணிதம் அல்லது புள்ளிவிபரம் சார்ந்த பட்டம் கிடைத்தால் அதை எடுத்து, இரண்டாம் வருடத்துக்குள் ஒரு அக்சுவேரியல் தாளை எழுதிப் பார்ப்பது உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன். அந்தத் தாள் தேறாவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும். அந்த ஒரு மாதச் சோதனையில் நாடா பிடித்தது அதிகம் பிடித்திருந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு மொறட்டுவையை முதல் தெரிவாகப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். பெறுபேறு வருவதற்கு முன், இடம் முடியப்போகிறது என்று அவசரப்படுத்தும் எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் அப்பாவை முற்பணம் கட்ட விடாதீர்கள். கியூ.எஸ். பட்டம் என்றால் அந்தக் குறிப்பிட்ட பாடநெறியின் பெயர் ஆர்.ஐ.சி.எஸ். அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், இலங்கைக் கணிய அளவையாளர் நிறுவகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். அக்சுவேரியல் வகுப்பு என்றால் அவர்கள் தருவது எந்தத் தாளுக்கான வகுப்பு, பரீட்சைக் கட்டணம் அதற்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரித்தானிய நிறுவகம் சந்தாவையும் பரீட்சைக் கட்டணத்தையும் குறைக்கும். அதற்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம், இடையில் யாரும் தேவையில்லை.